பேர் வெட்டின அண்டா

என் வீட்டுப் பின்கட்டுல தண்ணி புடிச்சு வைக்கிற பித்தளை அண்டாவுல எங்க அப்பா பேர் வெட்டியிருக்கு. பாக்குறவுக எல்லாம் "ஒங்க அப்பா சீதனமாக் குடுத்ததா?"ன்னு கேக்குறாக. இல்லை. அது அப்பா எங்க அத்தைக்குக் குடுத்தது. அத்தைகிட்ட இருந்து அது என்கிட்ட வந்து சேந்த கதையைத்தான் சொல்லப்போறேன். நம்ம வயசு ஆளுக உங்களுக்கு இதுல பாதி சொல்லாமலே புரியும். உங்க வீட்டுலயும் ஒரு அண்டா கெடக்கும், இல்லேன்னா ஒரு குத்துவிளக்கு இருக்கும், அதுல ஒரு அண்ணனோ தம்பியோ பேரு இருக்கும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பாத்திரத்துல எதுக்குப் பேர் வெட்டணும்னே தெரியாது. இரவல் போனது திரும்பி வரணும்னு மட்டுமா வெட்டினாக? யாரு குடுத்ததுன்னு ஊருக்குத் தெரியணும், முக்கியமா அதுக்குத்தான்.

அப்ப எனக்கு நாலாப்பு முடிஞ்ச லீவு. சுருளிப்பட்டி ரோட்டுல எங்க தாத்தா வாங்கிப் போட்ட திராட்சைத் தோட்டம் ஒண்ணு இருந்துச்சு. தாத்தா கண்ணை மூடின பெறகு அப்பாதான் பாத்தாரு. கல்தூண் நட்டு, மேல கம்பி இழுத்து, பந்தல் முழுக்கப் பன்னீர் திராட்சை. பந்தலுக்குள்ள பெரியவுக எல்லாம் குனிஞ்சுதான் நடக்கணும், நான் மட்டும் நிமிந்து நடப்பேன். அந்தத் தோட்டத்துல எனக்கு இருந்த பெருமை அம்புட்டுத்தான். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலக்கி மருந்தடிச்சு, இலையெல்லாம் நீலம் பூத்துக் கெடக்கும். அப்பா வேட்டியில, மருந்தடிக்கிற ஆள் கையில, காவல் நாய் முதுகுல எல்லாம் அந்த நீலம் ஒட்டியிருக்கும். அம்மா துவைச்சுத் துவைச்சுப் பாத்துட்டு விட்டுருச்சு. பழம் புளிச்ச வாடையும் துத்த வாடையும் சேந்து மூக்குல ஏறும். இன்னைக்கும் கடையில பன்னீர் திராட்சையைக் கண்டா முதல்ல மோந்துதான் பாக்குறேன், பெறகுதான் விலை கேக்குறேன்.

தொடர்ந்து நோய் விழுந்து காயெல்லாம் கருகினதுல அப்பாவுக்கு அலுத்துப் போச்சு. தேனியில மோட்டார் சாமான் கடை வச்சிருந்த சித்தப்பாவுக்கு அந்தக் கடையைப் பெருசாக்கணும்னு ஆசை. வித்துரலாம்னு முடிவாச்சு. எங்க ஊர் கம்பத்துக்காரர் ஒருத்தரே வந்து பாத்து அச்சாரமும் குடுத்துட்டாரு. விக்கிறதுல ஒரு சண்டையும் இல்லை. வித்து வர்றதைப் பிரிக்கிறதுலதான் ஆரம்பிச்சது.

"மண்ணு அய்யாவோடது, அதுல ஆளுக்குப் பாதி. தூணும் கம்பியும் நான் போட்டது, அதுக்கு உள்ளது தனியா எனக்கு வரணும்"னாரு அப்பா.

"தூணை எங்கன நட்டீக? அய்யா மண்ணுலதான? மண்ணுல ஊனினது மண்ணோட சேத்திதான். அதுலயும் பாதி எனக்கு"ன்னாரு சித்தப்பா.

"அப்ப ஒன் பாதியைப் புடுங்கிக்கிட்டுப் போடா."

"புடுங்குவேன். லாரி கொண்டாந்து புடுங்குவேன்."

அதோட நேர்ப்பேச்சு நின்னு போச்சு. ஆனாலும் ஞாயித்துக்கிழமை ஆனா சித்தப்பா பஸ் ஏறி வந்துருவாரு, எங்க வீட்டுல கறி எடுத்திருக்கும். அண்ணனும் தம்பியும் ஒரே பாயில உக்காந்து சாப்பிடுவாக, பேச்செல்லாம் அம்மா வழியாத்தான். "மதினி, துருப்புடிச்ச கம்பிக்கு ஒரு வெலையான்னு அண்ணனைக் கேளுங்க." "ரசத்தை ஊத்திட்டு, துருப்புடிச்ச கம்பியில ஒனக்கு எதுக்குடா பாதின்னு அவனைக் கேளு." அம்மா ரசத்தை மட்டும் ஊத்திட்டு அடுப்படிக்குப் போயிரும்.

இந்தக் கூத்துக்கு நடுவுலதான் பத்திரம் எழுதுறவரு ஒரு கேள்வி கேட்டாரு. "ஒங்களுக்கு ஒரு தங்கச்சி இருக்காகளே, அவுக கையெழுத்து?"

"அவளுக்கு நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சு. அவளுக்கு என்ன இதுல?"

"நகை போட்டது வேற, இது வேற. தோட்டம் ஒங்க அய்யா சொந்தமா வாங்கினது. எழுதி வைக்காமப் போயிட்டாக. மூணு பேருக்கும் சமம். அவுக பங்கு வேண்டாம்னு விடுதலை எழுதிக் குடுத்தாத்தான் வாங்குறவரு வாங்குவாரு. தங்கச்சிதான, ஒரு நல்ல சேலையா எடுத்துக் குடுத்துக் கேளுங்க, போட்டுட்டுப் போகுது."

அப்பா சேலை எடுத்தாரு. ஒரு கூடை திராட்சையும் ஜிலேபிப் பொட்டலமும் வாங்கிக்கிட்டாரு. லீவுதானேன்னு என்னையும் கூட்டிக்கிட்டுக் கூடலூருக்குப் பஸ் ஏறினாரு.

அத்தை இருந்தது கூடலூர்ல ஒரு வாடகை வீடு. முன்னால ஒரு அறை, பின்னால ஒரு அறை, அதுக்குப் பின்னால கெணறும் துவைகல்லும் முருங்கை மரமும். மாமா குமுளிக்கு ஜீப் ஓட்டுனாக. விடியிறதுக்கு முன்னாடி ஏலத்தோட்டத்துக்குப் போற பொம்பளையாளுகளை ஏத்திக்கிட்டு மலையேறிருவாக, பொழுதடைய இறங்குவாக. மாமா வீட்டுக்குள்ள வந்தா டீசல் வாடையும் ஏலக்காய் வாடையும் கூடவே வரும். அதிகம் பேச மாட்டாக. என்ன நடந்தாலும் "போட்டே"ம்பாக. விடு, போகட்டும்னு மலையாளத்துல அர்த்தம்.

வாடகை வீடுன்னுதான் பேரு, அத்தை அதைச் சொந்த வீடாட்டம் வச்சிருந்துச்சு. தானே சுண்ணாம்பு அடிச்சது, தானே கெணத்தைச் சுத்திச் செங்கல் பாவினது. வீட்டுக்கார டீச்சர் ரிட்டயராகி மகன்கிட்டப் போறாக. "நீ இருக்கிற வீடு, ஒன்னையத்தான் முதல்ல கேக்குறேன். பள்ளிக்கூடம் திறக்குறதுக்குள்ள சொல்லு"ன்னு அத்தைகிட்டச் சொல்லியிருந்தாக. அந்த நெனைப்புலயே அத்தை ராத்திரியும் பகலும் கெடந்துச்சுங்கிறது எங்களுக்கு அன்னைக்குத் தெரியாது.

அப்பா சேலையைக் குடுத்தாரு, விசயத்தைச் சொன்னாரு. அத்தை சேலையைப் பிரிச்சுப் பாக்கலை. காப்பி போட்டுக் கொண்டாந்து அப்பா முன்னால வச்சுட்டு, தூணைப் புடிச்சுக்கிட்டு நின்னு கேட்டுச்சு.

"அண்ணே, என் கையெழுத்து வேணும்னா எனக்கும் அதுல பங்கு இருக்குன்னுதான அர்த்தம்? சமமாக்கூட வேண்டாம்ணே. இந்த வீட்டை வாங்குற அளவுக்குக் குடுங்க, போதும். பெறகு எங்கன கையெழுத்துக் கேட்டாலும் போடுறேன்."

அப்பா மூஞ்சி செத்துப் போச்சு. கோவம்னு சொல்ல முடியாது, தங்கச்சி கேக்கும்னு அவரு நெனைக்கவே இல்லை. "பொறந்த வீட்டுல பங்கு கேக்குற அளவுக்கு வந்துட்டியா?"ன்னு மட்டும் சொன்னாரு. காப்பியைத் தொடாம எந்திரிச்சு, செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு. நான் பின்னால கெணத்தடியில அத்தை மகளோட தாயம் ஆடிக்கிட்டு இருந்தேன். என்னை மறந்தே போயிட்டாரு! கம்பம் பஸ் ஸ்டாண்டுல இறங்கும்போதுதான் ஞாபகம் வந்துச்சாம். திரும்பி அந்த வாசலை மிதிக்க ரோசம் விடலை, கெடக்கட்டும் லீவு முடியிற வரைக்கும்னு விட்டுட்டாரு.

அந்தக் காப்பியை அத்தை ஊத்தலை. சாயங்காலம் வரைக்கும் அது அங்கனயே இருந்துச்சு. ஏடு கட்டி, அதுல ஈ விழுந்துருச்சு. "ஊத்திறவாம்மா?"ன்னு அத்தை மக கேட்டா. "இருக்கட்டும்டி. பிள்ளையை விட்டுட்டுப் போயிருக்காக, திரும்பி வந்துதான ஆகணும்"னுச்சு அத்தை. ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் வாசலைப் பாத்துச்சு. பொழுதடைஞ்ச பெறகுதான் எடுத்துக்கிட்டுப் போய் முருங்கை மரத்தடியில ஊத்துச்சு.

நேரா அப்பா போன எடம் தேனி, சித்தப்பா கடை. இது பின்னால அம்மா சொல்லித் தெரிஞ்சது. தங்கச்சி பங்கு கேக்குறான்னு தெரிஞ்ச அந்த நிமிசமே அண்ணனும் தம்பியும் ஒண்ணு சேந்துட்டாக. தூண் பேச்சும் கம்பிப் பேச்சும் போன எடம் தெரியலை. அம்மாவுக்கு ரசம் ஊத்துற வேலை மட்டும்தான் மிச்சம்.

எனக்கு அந்த லீவு நல்லாத்தான் போச்சு. சும்மா சொல்லக்கூடாது, பெரியவுக சண்டை போட்டா பிள்ளைகளை யாரும் கவனிக்க மாட்டாக, அதுல ஒரு சொகம் உண்டு. அத்தை மக எனக்கு மூத்தவ, எட்டாப்பு முடிச்சவ. ரெண்டு பேரும் மாமா ஜீப்புல ஏறி உக்காந்து, நின்ன வண்டியிலயே குமுளி வரைக்கும் போயிட்டு வருவோம். அத்தை கையில வேலை இல்லாத நேரம் வீட்டைச் சுத்திச் சுத்தி வரும். "இந்தச் செவத்தை எடுத்துட்டா அடுப்படி பெருசாயிரும். இங்கன ஒரு ஜன்னல் வைக்கலாம்"னு எங்ககிட்டச் சொல்லும். வீடு வாங்கிட்டாப்புலதான் பேசும். டீச்சர் மறுபடி கேட்டுவிட்டாக. "அண்ணன் வந்துருவாரு டீச்சர்"னுச்சு அத்தை.

இப்படி இருக்கையில ஒரு நாள் காலையில அத்தை மக பெரிய மனுசி ஆயிட்டா.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. பிள்ளை சமைஞ்சா, தாய்மாமன் வந்து பச்சை ஓலை வெட்டிக் குச்சில் கட்டணும், அதுக்குள்ளதான் அவளை உக்கார வைக்கணும். பெறகு ஒரு நல்ல நாள்ல சடங்கு, அன்னைக்கு மாமன் சீர் வரணும், மாமன் மாலை போடணும். மாமன் வர்ற வரைக்கும் பிள்ளைக்கு வீட்டுக்குள்ள எடம் கெடையாது. அத்தை அவளைத் துவைகல்லுக்குப் பக்கத்துல, ஒரு பழஞ்சேலையைக் கட்டி மறைச்சு உக்கார வச்சுச்சு. மாமா ஜீப்பை எடுத்துக்கிட்டு மாமன்மாருக்குத் தாக்கல் சொல்லப் போனாக.

எங்க அப்பா, தம்பியைக் கேளுங்கன்னுட்டாராம். தேனிக் கடையில சித்தப்பா சொன்னது இது: "வராம இருப்பமா? ஆனா முறைன்னா ரெண்டு பக்கமும் இருக்கணும். தங்கச்சின்னா சீர் செய்யலாம். பங்கு வாங்கிட்டா அவ பங்காளி. பங்காளிக்கு எவன் சீர் செய்வான்? யோசிச்சுச் சொல்லச் சொல்லுங்க."

மாமா வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னாக. சொல்லி முடிச்சுட்டு "போட்டே"ன்னாக. அன்னைக்கு ஒரு நாள்தான் அத்தை அவுக மேல எரிஞ்சு விழுந்து நான் பாத்தேன். "எதைப் போட்டேங்கிறீக? வீட்டையா, பிள்ளையையா?"

அன்னைக்குப் பூராவும் மாமன்மார் வரலை. பக்கத்து வீட்டு ஆளுக எட்டி எட்டிப் பாத்தாக. "மாமன்காரன் இன்னும் வரலையா?"ன்னு கேட்டவுகளுக்கு எல்லாம் "தேனியில இருந்து வரணும்ல, பஸ் கெடைக்கணும்ல"ன்னுச்சு அத்தை. தேனிக்கும் கூடலூருக்கும் ராப்பகலா பஸ் ஓடுது, கேட்டவுகளுக்கும் அது தெரியும். அத்தை மக சேலை மறைவுக்குள்ள முழங்காலைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. எல்லாம் அவ காதுல விழுந்துச்சு.

மறுநாள் உச்சி நேரத்துல ஓலை வந்துச்சு. அப்பாவே தோப்புல நின்னு வெட்டிக் கொண்டாந்திருந்தாரு. சித்தப்பாவும் அம்மாவும் கூட வந்தாக. அப்பா சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு, ஓலையைக் கிழிச்சுப் பின்னிக் குச்சிலைக் கட்டி முடிச்சாரு. அத்தை மக தலையில கை வச்சு உள்ள உக்கார வச்சாரு. அவரு கண்ணு கலங்கியிருந்துச்சு, அது பொய் இல்லை. ஆனா அத்தை நீட்டின தண்ணிச் செம்பை வாங்கலை. கிளம்பும்போது சித்தப்பாதான் பேசுனாரு. "சடங்கு அன்னைக்கு ஊரே பாக்குறாப்புல சீர் வரும். பத்திரக்காரரும் கூட வருவாரு."

அம்மா, கைப்பிள்ளையா இருந்த என் தம்பியோட, ஒத்தாசைக்குன்னு அங்கன தங்கிருச்சு. நான் குச்சிலுக்குள்ள அத்தை மகளுக்குத் தொணை. பச்சை ஓலை வாடை, உளுந்தங்களி, நல்லெண்ணெய், இதுதான் அந்த நாளெல்லாம். குச்சிலுக்கும் அடுப்படிக்கும் நடுவுல ஓலைத் தடுப்புத்தான். ஒரு மத்தியானம் அம்மாவும் அத்தையும் பேசினதை ரெண்டு பேரும் கேட்டோம்.

"போட்டுறாத தாயி. நான் எங்க அண்ணனுக்குப் போட்டுக் குடுத்தவ. வருசத்துக்கு ஒரு சேலை வந்துக்கிட்டு இருந்துச்சு. இந்தப் பொங்கலுக்கு அதுவும் வரலை"ன்னு சொன்னது எங்க அம்மா.

"போடலேன்னா சீர் வராது மதினி. மாமன் இல்லாமச் சடங்கு நடந்தா, நாளைக்கு இவளைப் பொண்ணு கேட்டு வர்றவுக என்ன சொல்லுவாக? பொறந்த வீடு இல்லாதவ மகன்னுதான சொல்லுவாக?"

"சொன்னாச் சொல்லட்டும். அதுக்காக வீட்டை விட்டுறாத."

எனக்கு அம்மா மேல கோவம் கோவமா வந்துச்சு. அப்பாவுக்கு எதிரா அம்மா கோள் மூட்டுதுன்னு நெனைச்சேன். சித்தப்பா மேல உள்ள வெறுப்புல பேசுதுன்னுகூட நெனைச்சேன். அந்த வீட்டுல அத்தைக்குன்னு நின்ன ஒரே ஆளு எங்க அம்மாதான்னு புரிய எனக்கு எம்புட்டு வருசம் ஆச்சு பாருங்க. அத்தை மக மட்டும் அன்னைக்கே புரிஞ்சுக்கிட்டா. களியை வாயில வைக்காம உருட்டிக்கிட்டே இருந்தா.

அங்க அண்ணன் தம்பிக்குள்ள வேற ஒரு போட்டி நடந்துக்கிட்டு இருந்துச்சு. அப்பா கம்பத்துல ஒரு பித்தளை அண்டா எடுத்துப் பேர் வெட்டக் குடுத்தாரு. அது சித்தப்பா காதுக்குப் போச்சு. அவரு தேனியில அதைவிடப் பெரிய அண்டா எடுத்தாரு. அப்பா விடுவாரா? பட்டுப்பாவாடையைப் பட்டுச்சேலையா மாத்துனாரு, தோடுக்கு மேல சங்கிலி சேத்தாரு. சித்தப்பா தையல் மிஷினும் மேளசெட்டும் வேட்டும் சொன்னாரு. தூணுல தீராத சண்டையைப் பாத்திரக் கடையிலயும் நகைக் கடையிலயும் தீத்துக்கிட்டாக. அச்சாரமா வந்தது போதாமக் கடனும் வாங்கினாக.

சடங்கு அன்னைக்குச் சீர், பஸ் ஸ்டாண்டுல இருந்து புறப்பட்டுச்சு. முன்னால நையாண்டி மேளம், பின்னால தட்டுத் தட்டா வளையல், பூ, பழம், சேலை, கழுத்துல மாலை போட்ட கெடாய், அதுக்கும் பின்னால ரெண்டு அண்டாவையும் தலையில வச்சுத் தூக்கியாந்த ஆளுக. கடைக்காரவுக எல்லாம் கடையை விட்டு இறங்கி வந்து பாத்தாக. "இப்படி ஒரு சீரை இந்த ஊரு பாத்ததில்லைப்பா"ன்னாக. பாத்துட்டுக் குச்சிலுக்கு ஓடி வந்த எனக்குப் பெருமை தாங்கலை, எங்க அப்பா சீராச்சே!

அத்தை வீட்டுச் சந்து முனைக்கு வந்ததும் சீர் நின்னுருச்சு. மேளம் மட்டும் நின்ன எடத்துலயே அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. சித்தப்பாவும் பத்திரக்காரரும் மட்டும் வீட்டுக்குள்ள வந்தாக. யாரும் ஒண்ணும் கேக்கலை, யாரும் மிரட்டலை. சித்தப்பா "வெயிலு கொல்லுது, தண்ணி குடு தங்கச்சி"ன்னாரு. பத்திரக்காரரு தாளை விரிச்சுப் பேனாவைத் திறந்து வச்சாரு.

குச்சிலுக்குள்ள அத்தை மக என் கையை இறுக்கிப் புடிச்சா. "எனக்கு எந்தச் சீரும் வேண்டாம்னு எங்கம்மாகிட்டப் போய்ச் சொல்லு. நான் வெளிய வரக்கூடாது, நீ போ. ஓடு!" நான் ஓடுனேன். அத்தை சேலையைப் புடிச்சு இழுத்து, "அத்தை, அவளுக்குச் சீர் வேண்டாமாம். கையெழுத்துப் போடாதீகளாம்"னு மேளச் சத்தத்துக்கு மேல கத்துனேன்.

சித்தப்பா சிரிச்சாரு. "பிள்ளைக பேச்சைப் பாரு!"

அத்தை என்னைப் பாத்துச்சு. வெளிய சந்துல நின்ன கூட்டத்தைப் பாத்துச்சு. பெறகு தலையைத் தூக்கி, அந்தச் செவத்தைப் பாத்துச்சு, எடுத்துட்டா அடுப்படி பெருசாயிரும்னு சொல்லுமே அந்தச் செவரு. மாக்கோலம் போட்ட ஈரக்கையைச் சேலையில தொடச்சுக்கிட்டுக் கையெழுத்தைப் போட்டுருச்சு. சித்தப்பா வாசல்ல போய்க் கையைக் காட்டுனாரு. சீர் உள்ள வந்துச்சு.

சடங்கு முடிஞ்சது. மறுவாரம் அத்தை பத்திர ஆபீஸ்ல போய் ரேகையும் வச்சுச்சு. பள்ளிக்கூடம் திறக்குறதுக்குள்ள டீச்சர் வீட்டை ஒரு ஜீப் முதலாளி வாங்கிட்டாரு. அத்தை குமுளி ரோட்டுல ஒரு லைன் வீட்டுக்கு மாறுச்சு. ஒத்தை அறை, ஒத்தைக் கதவு. அந்தக் கதவுக்குள்ள ரெண்டு அண்டாவும் நுழையலை. சாக்கைப் போட்டு மூடி, சங்கிலியால ஜன்னல் கம்பியில சேத்துக் கட்டி வெளியவே வச்சிருந்துச்சு. ஊரே பாத்த சீர், பெறகு தெருவே பாக்கத்தான் கெடந்துச்சு.

மறுவருசம் மாமா ஜீப் மலையில கெட்டுப் போய் நின்னுச்சு. வண்டியைச் சரி பண்ணணும், கையில ஒண்ணும் இல்லை. அண்டாவுல ஒண்ணை வித்துரலாம்னு, எங்க அப்பா குடுத்ததை மாமா கம்பத்துக்குத் தூக்கிட்டுப் போனாக. கடைக்காரரு அண்டாவைத் திருப்பிப் பாத்தாரு. பேரு இருக்கே! "இது அவுக சீராச்சே. அவுகளுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டு, எடுக்க மாட்டேன்னுட்டாரு. அது மட்டுமா, அன்னைக்கே அப்பாவுக்குத் தாக்கலும் வந்துருச்சு.

அப்பா அன்னைக்கு ஆடின ஆட்டம் இருக்கே. "நான் குடுத்த சீரைத் தெருவுல கொண்டு போய் விக்கப் பாத்திருக்கா! அவளுக்கும் இந்த வீட்டுக்கும் இனி என்ன பேச்சு?" அந்தப் பொங்கல்ல இருந்து அத்தைக்குச் சேலை போகலை. எந்தப் பொறந்த வீட்டுக்காகக் கையெழுத்துப் போட்டுச்சோ, அந்தப் பொறந்த வீடும் போச்சு.

அம்மா ஒரே ஒரு தடவை அப்பாகிட்டக் கேட்டுச்சு. நான் பக்கத்துல இருந்தேன். "அந்தச் சீருக்குச் செலவழிச்சதை அப்படியே கையில குடுத்திருந்தா அது வீட்டை வாங்கியிருக்கும்ல?"

"கையில குடுத்தா அது பங்குடி. தட்டுல வச்சுக் குடுத்தாத்தான் சீரு"ன்னாரு அப்பா. அவரு கெட்டவரு இல்லை. கடைசி வரைக்கும் "என் தங்கச்சிக்கு நான் செஞ்ச சீரை எவனாச்சும் செய்வானா?"ன்னு பெருமையாத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. அத்தையை ஏமாத்தினதா அவருக்கு ஒரு நாளும் தோணலை. எனக்கு இப்ப நெனைச்சா அதுதான் ஆச்சரியமா இருக்கு.

அத்தை கடைசி வரைக்கும் வாடகை வீட்டுலதான் இருந்துச்சு. அத்தை கண்ணை மூடின பெறகு அத்தை மக ஒரு நாள் ஆட்டோவுல அண்டாவை ஏத்திக்கிட்டு என் வீட்டு வாசல்ல வந்து இறங்குனா. அவ இப்ப குமுளியில சொந்த வீட்டுல இருக்கா, பேரன் பேத்தி எடுத்துட்டா. "எங்க வீட்டுக் கதவு பெருசுதான், உள்ள நுழையும். ஆனா இந்தப் பேரைப் பாத்துக்கிட்டுத் தண்ணி மோக்க எனக்கு மனசு வரலை. ஒங்க அப்பா பேரு, நீ வச்சுக்க. ஒங்க சித்தப்பா அண்டாவை உருக்கக் குடுத்துட்டேன்"னா. அம்புட்டுத்தான் சொன்னா. நானும் வாங்கி வச்சுக்கிட்டேன்.

இம்புட்டையும் இப்ப எதுக்குச் சொல்லுறேன்னா, போன ஞாயித்துக்கிழமை என் தம்பி வந்திருந்தான். சடங்கு நடந்தப்ப அவன் தொட்டில் பிள்ளை. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. கம்பத்துல அவுக இருந்த வீட்டை விக்கப் பேசி முடிச்சுட்டான். வாங்குற பார்ட்டி ரெடியா இருக்காம். வீட்டுல எனக்குப் பாதி, அவனுக்குப் பாதி. நல்லவன்தான், அதையும் சொல்லிறணும். காய்ச்சல்னா முதல்ல ஓடி வர்றவன் அவன்தான்.

கையில ஒரு தாம்பாளத் தட்டு. பட்டுச்சேலை, பழம், வெத்தலை பாக்கு. சேலைக்கு அடியில ஒரு விடுதலைப் பத்திரம். நான் காப்பி போட்டுக் கொண்டாந்து வச்சேன்.

"அக்கா, ஆவணியில ஒன் மகன் கல்யாணம். மாமன் சீர்னா எப்படி இருக்கும்னு ஊரு பாக்கணும். லாரியில வரும் பாரு. அதுக்கு முன்னால இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுரு."

"சீருக்கு என்னடா செலவாகும்?"

"ஒனக்குச் செய்யாம யாருக்குச் செய்யப்போறேன்? அதெல்லாம் நீ கேக்கக்கூடாது."

"கேக்குறேன். எனக்குச் சீர் வேண்டாம்டா. என் பாதியை என் கையில குடு. கல்யாணத்துக்கு நீ வெறுங்கையோட வா. மாமனை முதல் வரிசையில உக்கார வைக்கிறேன்."

அவன் மூஞ்சி செத்துப் போச்சு. அப்பா மூஞ்சியேதான். "பங்கை வாங்கிட்டா நீ பங்காளி ஆயிருவியேக்கா. பெறகு நான் எந்த முறையில வந்து நிக்கிறது?"

அந்தச் சொல்லை அவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தாகன்னு தெரியலை. மகன் கல்யாணத்துல மாமன் நிக்கிற எடம் காலியாக் கெடந்தா எப்படி இருக்கும்னு நெனைச்சுப் பாத்தேன். அழுகை வந்துச்சு, இல்லேன்னு சொல்லலை. ஆனா கையெழுத்துப் போடலை.

அவன் மூஞ்சி கழுவப் பின்கட்டுக்குப் போனான். அங்கன அண்டாவைப் பாத்துட்டான். "இந்தா, அப்பா பேரு வெட்டியிருக்கு! இம்புட்டுப் பெரிய அண்டா அப்பா ஒனக்குக் குடுத்திருக்காரு. இன்னும் பங்கு கேக்குறியேக்கா"ன்னான்.

அது யாருக்குக் குடுத்தது, எதுக்குக் குடுத்ததுன்னு சொன்னேன். இப்ப உங்களுக்குச் சொன்னாப்புல நீளமா இல்லை, சுருக்கமாத்தான். கேட்டுக்கிட்டே நின்னான். முன்கட்டுக்கு வந்து, தட்டையும் பத்திரத்தையும் எடுத்துக்கிட்டு, செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டான்.

காப்பி அப்படியே இருந்துச்சு. தெருவுல ஒரு பஸ் போற சத்தம் கேட்டுச்சு. நான் வாசலைப் பாக்கலை. ஏடு கட்டுறதுக்குள்ள அதை எடுத்து நானே குடிச்சேன்.